தூதரின் கடைவாய்ப்பல்

மாடியில் பல், கீழே கண் என்றுதான் அந்தத் தெருவில் அந்தக் கட்டடத்துக்குப் பெயர். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மாடியில் பல் மருத்துவமனை. கடைக்காரரும் பல் டாக்டரும் கணவன் மனைவி. "எங்கிட்ட கண்ணாடி வாங்கினவர் பில்லைத் தெளிவாப் படிச்சுட்டுப் பல்லை நறநறன்னு கடிப்பார். நேரா மாடிக்கு அனுப்பிடுவேன்" என்று கடைக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அந்த நகைச்சுவைக்கே பல் போயிருந்தது.

டாக்டருக்கு எதையும் தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும். சின்ன வயதில் கடிகாரம், ரேடியோ, மாமாவின் காது கேட்கும் கருவி என்று கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டவள். பல் மருத்துவம் படித்ததுகூட அதனால்தான் என்பாள். உள்ளே எட்டிப் பார்க்க மனிதர்கள் தாங்களாகவே திறந்து காட்டுகிற இடம் வாய் ஒன்றுதானே! வீட்டில் கணவர் அவளுக்கு வைத்திருந்த பெயர் சி.ஐ.டி.

அந்த வருஷம் ஊர் முழுக்கக் காளானைப் பற்றித்தான் பேச்சு. நாட்டின் வடகோடியில் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிற குன்றின்மேல் பெரிய வெள்ளைக் கோளம் ஒன்று உட்கார்ந்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் மழைக்கு முளைத்த காளான்தான். பெரிய நாடு பல வருஷங்களுக்கு முன்பு குத்தகைக்கு இடம் வாங்கிக் கட்டியது. வானிலை பார்க்கிறோம், கப்பல்களுக்கு வழி சொல்கிறோம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஆனால் இந்த நாட்டுக்காரர் ஒருவர்கூட அதற்குள் காலடி வைத்ததில்லை. கூட்டிப் பெருக்குகிறவர்கூட அங்கிருந்து வந்தவர்தான். அதனால் பத்துப் பேர் கூடினால் காளானைப் பற்றிப் பதினோரு கதைகள் உலவின. நம் தொலைபேசியெல்லாம் ஒட்டுக் கேட்கிறார்கள் என்றார் ஒருவர். மழையையே அங்கிருந்துதான் திருப்பிவிடுகிறார்கள் என்றார் இன்னொருவர்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற சமயத்தில் சின்ன நாட்டின் அரசாங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நிபந்தனை வைத்தது. எங்கள் அதிகாரிகளும் உள்ளே வந்து பார்க்க வேண்டும். பெரிய நாட்டுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. நேற்றுவரை அறிக்கைகளில் 'உற்ற நண்பர்' என்றிருந்தது இன்று 'சம்பந்தப்பட்ட அரசு' ஆனது. துறைமுகத்தில் சரக்குகள் ஒவ்வொன்றாக ஏதேதோ காரணம் சொல்லித் தேங்கின. தூதரகக் குடும்பங்கள் விமானம் ஏறின. இந்தப் பக்கத்துப் பத்திரிகைகள் மீசையை முறுக்கின. அந்தப் பக்கத்துப் பத்திரிகைகள் நன்றி கெட்டவர்கள் என்றன.

இப்படி இருக்கையில்தான் ஒரு காலையில் கண்ணாடிக்கடை வாசலில் நீளமான கறுப்புக் கார் வந்து நின்றது. கன்னம் ஒன்று பந்துபோல் வீங்க, கைக்குட்டையால் அதை மூடிக்கொண்டு, பெரிய நாட்டின் தூதர் மாடிப்படி ஏறினார்.

"மன்னிக்கவும் டாக்டர். முன்னறிவிப்பின்றி வந்துவிட்டேன். இடது கீழ்ப்புறத்தில் தாங்கொணா வேதனை."

தூதர் இந்த ஊர்ப் பேச்சைப் புத்தகம் வைத்துப் படித்துக்கொண்டவர். கல்வெட்டுக்கு வாய் முளைத்ததுபோல் பேசுவார்.

"உக்காருங்க சார்," என்றாள் டாக்டர். "முன்னறிவிப்போட வர்ற பல்வலியை நான் இன்னும் பார்த்ததில்ல."

தூதரகத்து மருத்துவர் குடும்பங்களோடு ஊருக்குப் போய்விட்டார். முன்பொரு முறை தூதரின் மனைவிக்கு இவள்தான் பல் அடைத்திருந்தாள். அந்த ஞாபகத்தில் வந்திருக்கிறார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாள். கடைவாய்ப்பல்லின் வேர் நுனியில் கறுப்பாகச் சீழ் கட்டியிருந்தது. வேர் சிகிச்சைதான் செய்யவேண்டும்.

ஊசி மருந்துப் பெட்டியைத் திறந்தபோது அவள் கை கொஞ்சம் தயங்கியது. அதை அவர் கவனித்துவிட்டார்.

"ஏதேனும் சிக்கலா?"

"இந்த மரத்துப்போற ஊசி உங்க நாட்டுலேருந்துதான் வருது சார். சரக்கு துறைமுகத்துலயே நிக்குது. இருக்கறதை வெச்சு ஓட்டறேன். சின்னப் பல்லுன்னா, கொஞ்சம் பொறுத்துக்கங்கன்னு சொல்லி ஊசி இல்லாமலே புடுங்கறேன்."

தூதர் கைக்குட்டையை இறக்கினார். "மருந்தும் நிறுத்தப்பட்டதாக எனக்குச் சொல்லப்படவில்லை. எஃகுப் பொருள்கள் மட்டுமே என்றார்கள்."

"எனக்கும் யாரும் சொல்லல. கடைக்குப் போனேன், இல்லைன்னாங்க."

"அப்படியாயின் எனக்கும் ஊசி வேண்டாம்."

"வீரமெல்லாம் இங்க வேண்டாம் சார். வேர்ல சீழ் வெச்சுக்கிட்டு நீங்க துள்ளினா எனக்குத்தான் கஷ்டம். வாயைத் திறங்க."

ஊசி போட்டு, பல்லின் தலையைத் துளைத்து, சீழை வெளியேற்றி, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தாள். வலி இறங்கியதும் மனிதரின் முகமே மாறிவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து தூதரகத்து மருந்தகத்திலிருந்து சில பெட்டிகள் அனுப்பட்டுமா என்று கேட்டார்.

"எனக்கு மட்டும் எதுக்கு சார்? ஊர்ல என்னை மாதிரி எத்தனை பேர் இருக்காங்க. துறைமுகத்துல நிக்கறதை விடச் சொல்லுங்க, போதும். நீங்க இன்னும் ரெண்டு தடவை வரணும். அடுத்த வாரம் வேரை அடைக்கணும். அதுக்கப்புறம் கேப் போடணும்."

தூதர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "இயன்றால் வருகிறேன்" என்றார்.

வர்றேன் என்று சொல்லியிருக்கலாம், முடியாது என்றும் சொல்லியிருக்கலாம். அதென்ன இயன்றால்? அந்தச் சொல் டாக்டருக்குப் பல்லிடுக்கில் மாட்டிய நார்போல் உறுத்திக்கொண்டே இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாளோ இல்லையோ, தம்பி வந்து நின்றான். வெளியுறவு அமைச்சகத்தில் துணைச் செயலர். காளான் விவகாரம் ஆரம்பித்ததிலிருந்து சட்டைக் காலர் கசங்காத நாளே அவனுக்கு இல்லை.

"அக்கா, காலையில யாரு வந்தாங்க?"

"காலையில ஏழெட்டு பேர் வந்தாங்க. எந்தப் பல்லைக் கேக்கற?"

"விளையாடாதக்கா. கார் அரை மணி நேரமா வாசல்ல நின்னுச்சு. மாமா கடையில கண்ணாடி போட்டுப் பார்த்துக்கிட்டிருந்தவன் எங்க ஆளு."

"அதான் அந்த மனுஷன் பத்து ஃபிரேம் போட்டுப் பார்த்துட்டு ஒண்ணும் வாங்காமப் போனானா? உங்க மாமா திட்டிக்கிட்டிருக்காரு."

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்தினான். அமைச்சகத்தில் இப்போது ஒரே ஒரு கேள்விதான். பெரிய நாடு தூதரைத் திருப்பி அழைத்துக்கொள்ளப் போகிறதா, இல்லையா? அழைத்துக்கொள்வதாக இருந்தால் உறவு முறிகிற மாதிரி. நாடாளுமன்றத்தில் அமைச்சர் காரசாரமாகப் பேசிவிடலாம். இருப்பார் என்றால் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். எது என்று தெரியாமல் அமைச்சர் இரண்டு உரைகளை எழுதச் சொல்லியிருக்கிறார். இரண்டையும் எழுதுவது தம்பிதான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவருக்கு எத்தனை சிட்டிங்? அடுத்ததுக்கு வர்றேன்னாரா?"

டாக்டர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கும் அதே கேள்விதான் உறுத்திக்கொண்டிருந்தது. இருந்தாலும் தம்பி வாயிலிருந்து வந்தபோது அது வேறு மாதிரி இருந்தது.

"அவர் வாய்க்குள்ள இருக்கறது அவருக்கும் எனக்கும்தான்டா தெரியணும். நீ ஏழாவதுல பல் தேய்க்காம இருந்ததையே நான் இன்னும் உன் பொண்டாட்டிகிட்ட சொல்லல."

"நாட்டு விஷயம்க்கா."

"நாட்டு விஷயத்தை நாடாளுமன்றத்துல பேசு. இது பல்லு."

தம்பி முகம் சுருங்கி எழுந்தான். படியிறங்கும்போது, "நீயா தெரிஞ்சுக்காம விட்டுடுவே? உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுப் போனான். அது உண்மை என்பதால்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

அடுத்த வாரம் தூதர் வந்தார். வீக்கம் வடிந்திருந்தது, ஆனால் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவர் வாயைத் திறந்ததும் டாக்டருக்கு வழக்கம்போல் வாய் ஓயவில்லை. பல் டாக்டர்களுக்கே உள்ள வியாதி அது. எதிராளி பதில் சொல்ல முடியாதபோதுதான் கேள்வி ஊற்றெடுக்கும். ஊருக்கு எப்ப சார் போறீங்க, உங்க வீட்டம்மா அங்க சௌக்கியமா, வீட்டுல ஆளில்லாம சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க? தூதர் உறிஞ்சு குழாயைக் கடித்துக்கொண்டு "ஆ", "ம்" என்று தொண்டையால் பதில் சொன்னார்.

வேரை அடைத்து முடித்து, குழாயை எடுத்துவிட்டு, கையுறையைக் கழற்றினாள். பிறகு, இனியும் அடக்க முடியாது என்றாகி, நேராகவே கேட்டுவிட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க சார். அந்தக் காளானுக்குள்ள என்னதான் இருக்கு?"

இரண்டு நாடுகள் முட்டிக்கொண்டிருக்கிற விஷயத்தை, பஸ் எப்போது வரும் என்று கேட்பதுபோல் கேட்டாயிற்று. தூதர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தாள்.

அவர் சிரித்தார். பாதி முகம் மரத்துப்போயிருந்ததால் சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது.

"நானும் அறியேன், டாக்டர்."

"அட, சும்மா சொல்லாதீங்க."

"மெய்யாகத்தான். இங்கு வந்ததிலிருந்து இரண்டு முறை அனுமதி கேட்டேன். என் பதவிக்கு அது அவசியமில்லை என்று பதில் வந்தது. குன்றின் அடிவாரம் வரை சென்றிருக்கிறேன். வேலிக்கு இந்தப் பக்கம்தான், உங்களைப் போலவே."

பெரிய நாட்டின் வாயாக இங்கே உட்கார்ந்திருக்கிறவரையே பெரிய நாடு உள்ளே விடவில்லையா?

"உங்களுக்குப் பார்க்கணும்னு தோணலையா?"

"தோன்றாமலா? காலையில் சவரம் செய்துகொள்ளும்போது தினமும் தோன்றுகிறது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் காத்து நிற்பது என் தொழில். ஆனால் தெரிந்துகொண்டு காத்து நின்றால் நன்றாக இருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "அந்தக் கிரீடத்தைச் சற்று முன்கூட்டியே பொருத்த இயலுமா?" என்றார்.

கேப் போடுவதைத்தான் கிரீடம் என்கிறார் என்று புரிய அவளுக்கு ஒரு கணம் ஆனது. அதற்குமேலும் புரிந்தது. அவசரப்படுகிற மனிதர் ஊரைவிட்டுப் போகிற மனிதர்.

"பண்ணலாம் சார். அளவு எடுத்துக்கறேன், சீக்கிரம் செஞ்சு வாங்கிடறேன்." தயங்கினாள். "இப்ப நாம பேசினதை வெளியில சொல்லலாமா? என் தம்பி எங்க வேலை பார்க்கறான்னு உங்களுக்குத் தெரியும்னு நினைக்கறேன்."

"தெரியும்." தூதர் கோட்டை மாட்டிக்கொண்டார். "என் பல்லைப் பற்றி எவரிடமும் சொல்லாதீர்கள். மற்றதைப் பற்றி நான் உங்களிடம் எதுவும் வேண்டவில்லை."

அன்று சாயங்காலம் கடையைச் சாத்துவதற்கு முன் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள், பல்லைத் தவிர. அவர் ஃபிரேம்களைத் துடைத்து வரிசையாக அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"எனக்கு ஒண்ணுதாங்க புரியல," என்றாள். "அந்த மனுஷன் வலியில வந்தாரா, இல்ல என்னைத் தபால்காரி ஆக்கத்தான் வந்தாரா?"

"கன்னம் வீங்கியிருந்துதா இல்லையா?"

"வீங்கியிருந்துது. அதை நீங்களும்தான் பார்த்தீங்களே."

"அப்ப வலி நிஜம். வந்த இடத்துல ஒரு ஜன்னல் திறந்திருக்கு, எட்டிப் பார்த்துட்டாரு. நீ பண்ண மாட்டியா?"

அவளும் அதைத்தான் செய்திருப்பாள். ஆனாலும் மனசு ஆறவில்லை. சொன்னால் நோயாளியைக் காட்டிக்கொடுத்ததாகுமோ என்று ஒரு பக்கம். சொல்லாவிட்டால் இரண்டு நாட்டு மூடர்களும் முட்டிக்கொண்டு, அடுத்த வருஷமும் ஊசி இல்லாமல் பல் பிடுங்க வேண்டியிருக்குமோ என்று இன்னொரு பக்கம். அன்று காலையில்தான் ஒரு தச்சர், பல்லைப் பிடுங்கும்போது கத்தக்கூடாது என்று நாற்காலிக் கையை இறுக்கி அதன் உறையையே கிழித்துவிட்டிருந்தார். போகும்போது வெட்கத்தோடு, தைத்துத் தருகிறேன் என்று வேறு சொன்னார்.

மறுநாள் அவளே தம்பியை வீட்டுக்கு வரச் சொன்னாள். அவன் வந்ததும் வராததுமாக, "போறாரா?" என்றான்.

"அது எனக்கும் அவருக்கும். அதைக் கேக்கறதா இருந்தா இப்படியே எழுந்து போ."

"சரி, கேக்கல. அப்புறம் எதுக்குக் கூப்பிட்டே?"

"எனக்கு ஒரு சந்தேகம். நீங்க எல்லாரும், 'எங்க ஆளை உள்ள விடு, எங்க ஆளை உள்ள விடு'ன்னு கத்தறீங்களே. தூதர் உள்ள போயிருக்காரான்னு யாராவது கேட்டீங்களா?"

"அவர் போகாமலா? அவங்க நாட்டு இடம்."

"கேட்டீங்களா?"

தம்பி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் டம்ளரைக் கழுவத் தொடங்கினாள். சின்ன வயதிலிருந்தே இருவருக்கும் ஒரு பழக்கம். அக்கா பொய் சொல்லமாட்டாள், ஆனால் சொல்ல வேண்டாத சமயத்தில் பாத்திரம் கழுவுவாள்.

"அவருக்கும் பார்க்கணும்னு ஆசை இருக்கலாம்ல?" என்றாள் முதுகைக் காட்டியபடியே. "மனுஷன்தானே."

தம்பி மெதுவாக எழுந்தான். "அக்கா... எங்க ஆளை மட்டும் விடுன்னு கேட்டா, முடியாதுன்னு சொல்லிடலாம். உங்க தூதரும் எங்க அமைச்சரும் சேர்ந்து போகட்டும்னு கேட்டா? சொந்தத் தூதரையே உள்ள விடமாட்டோம்னு உலகத்துக்கு முன்னாடி எப்படிச் சொல்லுவாங்க?"

"எனக்கென்னடா தெரியும்? நான் பல் டாக்டர்."

அவன் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினான். இரண்டு உரைகளையும் கிழித்துப் போட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்றை எழுதினான் என்று பிற்பாடு தெரிந்தது.

அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்தபோது காரசாரத்தை எதிர்பார்த்து வந்த பத்திரிகைக்காரர்களுக்கு ஏமாற்றம். அவர் குரலை உயர்த்தவில்லை. நம்பிக்கை என்பது கதவைத் திறந்து காட்டுவது என்றார். அடுத்த வாரம் வடகோடிக் குன்றுக்குத் தான் போகப்போவதாகவும், உற்ற நண்பரான பெரிய நாட்டின் தூதர் தன்னோடு துணைக்கு வர வேண்டும் என்று அன்போடு அழைப்பதாகவும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கண்ணாடிக்கடை ரேடியோவில் அதைக் கேட்ட டாக்டர், மூன்று வாடிக்கையாளர்களுக்கு நடுவே நின்றுகொண்டு, தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் ஒரு குளிர்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள்.

பெரிய நாட்டிலிருந்து சில நாள் சத்தமே இல்லை. பிறகு ஒரு குட்டி அறிக்கை வந்தது. நட்பின் அடையாளமாக, வரையறுக்கப்பட்ட ஒரு பார்வையிடலுக்கு ஆட்சேபணை இல்லை. வரையறுக்கப்பட்ட என்ற சொல்லைத் தம்பி போனில் மூன்று தடவை சொல்லிச் சிரித்தான். துறைமுகத்திலும் ஏதோ அசைந்தது. முதலில் மருந்துப் பெட்டிகள்தான் வெளியே வந்தன. டாக்டர் புதிதாக வந்த ஊசிப் பெட்டியைத் திறந்து, முதல் ஊசியை ஒரு குண்டுப் பெண்மணிக்குப் போட்டாள். வலிக்கவே இல்லையே என்று அந்த அம்மாள் ஆச்சரியப்பட்டபோது டாக்டருக்குக் கண் கலங்கியது. அதற்கு எந்தக் காரணமும் அவளால் சொல்ல முடியவில்லை.

குன்றுக்குப் போய் வந்த மறுநாளே தூதர் கேப் போட்டுக்கொள்ள வந்தார். இந்தத் தடவை அவரை நாற்காலியில் சாய்ப்பதற்கு முன்பே கேட்டுவிட்டாள்.

"பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேன்." அவர் குரலில் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்தான். "மிகப் பெரிய அறை. சுற்றிலும் திரைகள். இளைஞர்கள் காதில் கருவி மாட்டி அமர்ந்திருந்தார்கள். கடலில் செல்லும் ஒவ்வொரு கப்பலும் ஒரு புள்ளி. வானிலையும் பார்க்கிறார்கள், அது பொய்யல்ல. ஆனால் வானிலைக்கு இத்தனை காதுகள் எதற்கு என்று உங்கள் அமைச்சர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்."

"அவ்வளவுதானா?"

"அறையின் கோடியில் இன்னொரு கதவு இருந்தது. இரும்புக் கதவு. உங்கள் அமைச்சரும் நானும் ஒரே சமயத்தில் அதைப் பார்த்தோம். பொருள் வைக்கும் அறை என்றார் அங்கிருந்த அதிகாரி. நல்லது என்றோம் இருவரும். திரும்பி வரும்போது காரில் உங்கள் அமைச்சர், 'பொருள் வைக்கிற அறைக்கு வெளியே காவலாளி எதற்கு?' என்றார். நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன் என்றேன். இந்த மூன்று வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தாள். கேப்பைப் பொருத்தி, கடிபடும் இடத்தைக் காட்டும் நிறத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்லி, உயரமாக இருந்த இடத்தைத் தேய்த்துச் சரிசெய்தாள். எழுந்தவர் நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"நாளை மறுநாள் கிளம்புகிறேன்," என்றார். "இனி இது இரகசியமல்ல, மாலையில் அறிவிப்பார்கள். நான் அழைப்பை ஏற்றுக்கொண்ட வேகம் என் தலைநகரில் சிலருக்குப் பிடிக்கவில்லை."

"என்னால வந்ததா சார்?" அவள் குரல் இறங்கிவிட்டது.

"இல்லை டாக்டர். எப்படியும் என்னை அழைத்துக்கொள்ளத்தான் இருந்தார்கள். பார்க்காமல் போவதற்குப் பதில் பார்த்துவிட்டுப் போகிறேன். என் மனைவி கேட்டால் சொல்வதற்கு ஒரு கதையாவது இருக்கிறது."

படி வரை வந்து வழியனுப்பினாள். கார் திரும்பி மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

ஒப்பந்தம் கடைசியில் அரைகுறையாகத்தான் முடிந்தது. பெரிய அறையில் சின்ன நாட்டு அதிகாரிகள் இரண்டு பேர் உட்கார இடம் கிடைத்தது. இரும்புக் கதவைப் பற்றி எந்த ஷரத்திலும் ஒரு வார்த்தை இல்லை. எதிர்க்கட்சி ஏமாற்று வேலை என்றது, அமைச்சர் வெற்றி என்றார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது என்று தம்பி அக்காவிடம் மட்டும் ஒத்துக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் கணவரை வண்டி எடுக்கச் சொன்னாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை, தெரிந்திருந்தது. வடகோடிக் குன்றுக்குப் போய்ச் சேரும்போது காற்று ஆளைத் தள்ளியது. வேலிக்கு அந்தப் பக்கம் காளான் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக, வெள்ளையாக, ஒரு ஜன்னல்கூட இல்லாமல் நின்றது. பறவைகள் அதன் தலையில் உட்கார்ந்து வழுக்கி, மறுபடி உட்கார்ந்தன. வாசலில் இரண்டு காவலர்கள் நின்றார்கள். பெரிய நாட்டுச் சீருடையில் ஒருவர், இந்த நாட்டுச் சீருடையில் ஒருவர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாதுபோல. ஒரே தீக்குச்சியில் இருவரும் சிகரெட் பற்றவைக்கக் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஜெனரேட்டர்தான்," என்றார் கணவர் திரும்பி வரும் வழியில். "அந்தக் கதவுக்குப் பின்னால வேற என்ன இருக்கப்போகுது?"

"ஜெனரேட்டருக்கு எதுக்குக் காவல்?"

"டீசலைத் திருடிடுவாங்கன்னுதான்."

"அந்தக் குன்று மேல ஏறி எவன் திருடுவான்? எனக்கென்னமோ அங்க கீழ இறங்கிப் போற படி இருக்கும்னு தோணுது."

"படி எங்க போகுது?"

"கடலுக்கு."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். அவள் விடவில்லை. கடலுக்கடியில் கம்பி போகலாமே என்று ஆரம்பித்தாள். வீடு வந்து சேரும்வரை இருவருக்கும் ஒத்துப்போகவே இல்லை.